எண்ணப்பட்டவர் கைக்கு எட்டாத ஏடு

கணக்கெடுக்க வந்தோம் என்று தாளும் எழுதுகோலுமாக ஒருவர் வாயிலில் நின்றால், நம் ஊர் ஏழைகள் கேட்பது ஒரே கேள்வி: "இதனால் எங்களுக்கு என்ன ஆகும்?" இதனை அறியாமையின் கேள்வி என்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சமூக அறிவியல் ஆய்வின் தரத்தை உரைத்துப் பார்க்கத் தக்க உரைகல் அதுவே. பழைய நூல் ஒன்றை அக்கல்லில் உரைத்துப் பார்ப்போம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்நாட்டின் பொருளாதாரத்தை நூலகத்தில் அன்று, சிற்றூர்களில் கற்க வேண்டும் என்பது அவர் துணிபு. வினாநிரல் ஒன்றை வகுத்துக் கொடுத்துத் தத்தம் ஊர்களை ஆராய்ந்து வருமாறு மாணவரைத் தூண்டினார். அவர்கள் திரட்டியவை 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன.

அவ்வூர்களுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு. அங்கு வாழ்ந்த படியாள்களைப் பற்றி அந்நூல் தரும் செய்தி நெஞ்சைச் சுடுவது. திருமணச் செலவுக்கென நிலக்கிழாரிடம் கடன் வாங்குகிறான் ஒருவன். அக்கடன் ஒருபோதும் தீர்வதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. நிலம் கைமாறும்போது அவனும் நிலத்தோடு கைமாறுகிறான். மணவறையில் தொடங்கிய கடன் தலைமுறைகளைக் கட்டிப்போடும் விலங்காகிறது. இதனை மிகைப்படுத்தாமல், மறைக்காமல் பதிவு செய்தது அந்நூலின் பெருமை. கண்முன் இருந்தும் ஊரார் இயல்பெனக் கொண்டதை, ஆய்வு ‘இது இயல்பன்று’ என்று சுட்டிக் காட்டியது.

எனினும் நம் உரைகல் இங்கே ஒரு குறையையும் காட்டுகிறது. அந்நூலில் படியாளைப் பற்றிய குறிப்பு உண்டு. படியாளின் குரல் இல்லை. அது எழுதப்பட்ட மொழி அவனுக்குரியதன்று. கொத்தடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும் சட்டமோ 1976-இல்தான் பிறந்தது. நூல் வெளிவந்து 58 ஆண்டுகள்! இத்தாமதத்தின் பழி முழுவதையும் ஆய்வாளர் தலையில் சுமத்துவது முறையாகாது. ஆனால், உண்மையை அச்சிட்டுவிட்டால் நீதி தானே நடந்து வரும் என்று நம்புவோர் இவ்வெண்ணை மனத்தில் இருத்துதல் நலம்.

அப்படியாயின் ஆய்வு வீணோ? அன்று. ஸ்லேட்டரின் ஊர்களுக்குப் பின்வந்தோர் மீண்டும் மீண்டும் சென்றனர். பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு 1940-இல் வெளிவந்தது. எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் இருவேல்பட்டைப் பற்றி 1983-இல் எழுதினர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அவ்வூரை ஆராய்ந்தனர். நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும், ஊருக்கு வெளியே கிடைத்த வேலை தலித் மக்களின் சார்புநிலையைக் குறைத்ததையும் அவர்கள் கண்டனர். ஓர் ஊரை ஒருமுறை பார்ப்பவர் அதன் துயரத்தை மட்டுமே காண்பார். தொடர்ந்து பார்ப்பவரே விடுதலை எவ்வழி வந்தது என்று சொல்ல வல்லார்.

இவர்களுள் குகனின் வாழ்வு தனியே எண்ணத் தக்கது. தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்து, பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளரானவர் அவர். அமைப்புசாரா ஏழைகளுக்கும் சமூகப் பாதுகாப்பு இயலும் என்பதை வரவு செலவுக் கணக்குடன் எடுத்துரைத்தார். முதியோர் ஓய்வூதியம், உழைப்பவரை இழந்த குடும்பத்துக்கு உதவி, மகப்பேற்று உதவி ஆகிய மூன்றையும் கொண்ட தேசிய சமூக உதவித் திட்டம் 1995-இல் தொடங்கப்பட்டபோது, அவர் வலியுறுத்திவந்த கருத்துகளின் சாயல் அதில் இருந்தது. ‘ஏழைகள் பாவம்’ என்ற இரக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ‘இவ்வளவு செலவாகும், நம்மால் முடியும்’ என்றார். இரக்கத்தைத் தட்டிக்கழிக்கலாம், சரியான கணக்கைத் தட்டிக்கழிப்பது கடினம்.

ஆகவே, புள்ளிவிவரத்தை ஏளனம் செய்வோர்க்கும், அதுவே போதும் என்போர்க்கும் நாம் கூறுவது ஒன்றே. எண், எண்ணப்பட்டவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். அவர் மொழியில், அவர் மறுத்துப் பேசக்கூடிய வகையில் செல்ல வேண்டும். அதுவரை ஆய்வு பாதி வழியில் நிற்கும் பயணமே.

பிறரைக் குறை கூறும் நம் நிலை யாது? பங்குதோறும் குடும்பக் கணக்கெடுக்கும் நாமும் வேலை, கல்வி, கடன் என அனைத்தையும் கேட்டெழுதிப் பேழையில் பூட்டுகிறோம். அதைத் திறந்து, ‘நம்மிடையே எத்தனை வீடுகள் வட்டியில் மூழ்கியுள்ளன?’ என மக்களோடு அமர்ந்து கேட்டதுண்டா? வாயிலில் எழுந்த அந்தப் பழைய கேள்வி, நம் விடைக்காகவும் காத்திருக்கிறது.