விலாசத்தில் ஒரு வம்சம்

மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை. போன மாதம் அங்கே துணி பைண்டிங் போட்ட கணக்கு நோட்டுகள் ஒரு கட்டு கிடந்தன. யாரோ ஒரு வியாபாரியின் இரண்டு தலைமுறைப் பற்று வரவு. ‘மீதி எங்கேப்பா?’ என்றேன். ‘பஜ்ஜிக் கடைக்குப் போயாச்சு சார்.’

பி.காம். படித்தவனுக்கு வயிறு எரியாதா? அந்த எரிச்சலில்தான் டேவிட் வெஸ்ட் ரட்னரின் ‘காஸ்ட் அண்ட் கேப்பிடலிசம் இன் கலோனியல் இந்தியா’வை மறுபடி எடுத்தேன். 1994-ல் வந்த புத்தகம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பற்றியது. 17-ம் நூற்றாண்டு உப்பு வியாபாரத்தில் தொடங்கினாலும், சூடு பிடிப்பது விக்டோரியா மகாராணி காலத்தில்.

ஊர் சின்னது, வியாபாரம் பெரியது. வீடு கானாடுகாத்தானில், கடை ரங்கூனில். 1852-ல் கீழ் பர்மா வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்குக் கிராக்கி. விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டும். செட்டியார் கப்பல் ஏறினார்.

கடைப் பெயருக்கு ‘விலாசம்’ என்று பேர். தாத்தா, அப்பா, பிள்ளை பெயர்களின் முதலெழுத்துகள். போர்டைப் படித்தாலே வம்சாவளி தெரிந்துவிடும்!

ரட்னரின் கெட்டிக்காரத்தனம், ஜாதியை ஒரு பேங்க்காகப் பார்ப்பது. கோயில், கல்யாண சம்பந்தம், உண்டியல் எல்லாம் நாணயம் என்ற ஒரே மரத்தின் கிளைகள். ‘ஆச்சிமார் பணம்’ என்று ஒரு கணக்கு வருகிறது பாருங்கள், அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டுப் பெண்களின் பணம் தனிக் கணக்கில் வட்டியோடு வளர்ந்தது. பாலன்ஸ் ஷீட் பாஷையில் அது டெபாசிட். அதாவது, கடைதான் ஆச்சிக்குக் கடன்பட்டிருக்கிறது!

ஒரு குறை. கடன் கொடுத்தவர் உலகம் துல்லியமாகத் தெரிகிறது. வாங்கியவர் முகம் மங்கல். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். நெல் விலை சரிந்து, அடமானங்கள் மூழ்கி, 1938-ல் அது 25 சதவீதம். செட்டியார் கேட்டது பணம், வந்து சேர்ந்ததோ நிலம். சரி, நிலத்தை இழந்த பர்மாக்காரர் என்ன சொன்னார்? அவர் பக்கத்தையும் எழுதினால்தான் கணக்கு டேலி ஆகும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டு இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். கடை போர்டில் ஆம்பளைகள் பேர்தான் இருந்திருக்கும். உள்ளே எங்கேயாவது, பாட்டி பேரில் ஒரு பக்கம் இருக்கலாம்.