பிங்கின் ஆமும் இல்லையும்

இரண்டு கணினிகளை ஒரே ஈதர்நெட் கேபிளால் நேரடியாக இணைத்து, ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2 என முகவரி கொடுத்ததும் பெரும்பாலோர் முதலில் தட்டும் கட்டளை பிங். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் இது. சோனார் கருவியின் ஒலியிலிருந்து பெயர் வந்தது. வேலையும் அதைப் போன்றதே. ஒரு பாக்கெட்டை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கிறது.

பதில் வந்துவிட்டால் அந்த ஒரு வரியில் பல சான்றுகள் அடங்கிவிடுகின்றன. கேபிளும் இரு நெட்வொர்க் கார்டுகளும் இயங்குகின்றன, முகவரிகள் பொருந்துகின்றன, ஏ.ஆர்.பி. நெறிமுறை எதிர்க்கணினியின் மேக் முகவரியைக் கண்டுபிடித்துவிட்டது. போக்கும் வரத்தும் திறந்திருக்கின்றன. நடுவில் சுவிட்சோ ரௌட்டரோ இல்லாததால் சந்தேகப்பட வேண்டிய இடங்களும் குறைவு. தனிக் கருவி எதுவும் இல்லாமல் சில விநாடிகளில் இவ்வளவு சொல்வது பெரிய பலம். ஆனால் வைஃபையை அணைத்துவிட்டே சோதிக்க வேண்டும். கணினியின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால், கேபிள் செத்திருந்தாலும் வைஃபை வழியே பதில் வந்துவிடலாம்.

பதில் வராதபோது பிங்கை அவ்வளவு நம்ப முடியாது. 2004-இல் வெளியான எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் விண்டோஸின் ஃபயர்வால் தானாகவே இயங்குகிறது. வெளியிலிருந்து வரும் பிங்கை அது வழக்கமாகத் தடுத்துவிடும். ஒரு பக்கமிருந்து பிங் போகும், மறுபக்கமிருந்து போகாது. குற்றமற்ற கேபிள் மாற்றப்படுவது பெரும்பாலும் இங்கேதான். அதற்கு முன் ஏ.ஆர்.பி. அட்டவணையைப் பார்ப்பது நல்லது: எதிர்க்கணினியின் மேக் முகவரி அதில் புதிதாகப் பதிவாகியிருந்தால் கேபிள் சரி, தடுப்பது ஃபயர்வால் என்றே கருதலாம். விண்டோஸின் கணக்கும் ஏமாற்றும். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று தன் கணினியே சொல்லிக்கொள்ளும் செய்தியைக்கூடப் பதிலாக எண்ணி, இழப்பு 0% என்று காட்டுகிறது. கடைசி வரியை மட்டும் படிப்பவர் இணைப்பு நன்றாக இருப்பதாகவே நினைப்பார்.

இணைப்பின் தரத்தைப் பொறுத்தவரை பிங் இன்னும் மங்கலான சாட்சி. விண்டோஸ் அனுப்புவது 32 பைட் கொண்ட 4 பாக்கெட்டுகள். நூறில் ஒரு சுற்றைத் தவறவிடும் கேபிள் இந்தச் சோதனையில் 100-க்கு 96 முறை தப்பிவிடும். கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி பழுதாகி வேகம் 1000 மெகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கினாலும் திரையில் அதே '1 மில்லிசெகண்டுக்குள்' தான். 1472 பைட் அளவில் ஆயிரம் பாக்கெட் அனுப்பினால் இழப்பாவது வெளிப்படும். வேகத்துக்கு ஐபெர்ஃப் போன்ற கருவியே வேண்டும்.

கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் 445-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்பதைப் பிங் தொடுவதே இல்லை. அதைத் தனியே சோதிக்க வேண்டும்.