இரண்டாம் இடம் யாருக்கு என்று யார் சொல்வது?

இங்கிலாந்தின் வடக்கு ஷ்ராப்ஷயர் தொகுதியில் 2021 டிசம்பர் 16 அன்று நடந்த இடைத்தேர்தலை முதலில் எண்களாகவே பார்த்துவிடலாம். லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஹெலன் மோர்கனுக்கு 17,957 வாக்குகள். கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 12,032. லேபர் கட்சிக்கு 3,686. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2019 பொதுத்தேர்தலில், இதே தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஓவன் பேட்டர்சன் 22,949 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். அன்று இரண்டாம் இடத்தில் இருந்தது லேபர், 12,495 வாக்குகள். லிபரல் டெமாக்ரட்டுகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை, 5,643தான்.

அதாவது, ஆளுங்கட்சியை வீழ்த்த நினைத்தவர்கள் ஏற்கெனவே இரண்டாம் இடத்தில் இருந்த கட்சியின் பின்னால் திரளவில்லை. அதைத் தாண்டிப் போய், மூன்றாம் இடத்தில் இருந்த கட்சியைத் தூக்கி முதலிடத்தில் வைத்தார்கள். வாக்குப்பதிவு குறைந்திருந்ததால் எத்தனை பேர் மாற்றிப் போட்டார்கள், எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் லேபருக்குப் போட்டுப் பழகிய கைகளில் பல அன்று வேறு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

தன் கட்சி ஜெயிக்காது என்று தெரிந்தவர், தனக்கு அறவே ஆகாத கட்சியைத் தோற்கடிக்கக்கூடிய இன்னொருவருக்கு வாக்கைக் கொடுப்பதைத்தான் உத்தி வாக்களிப்பு என்கிறார்கள். இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். அதே நேரத்தில், யாருக்கு மாற்றிப் போடுவது என்ற முடிவு வாக்காளரின் கைக்கு வந்து சேரும் விதம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. பிரிட்டிஷ் இடைத்தேர்தல்களைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் முதல் பாதியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இரண்டாம் பாதியைப் பேசுபவர்கள் குறைவு.

இந்த உத்தி பொதுத்தேர்தலைவிட இடைத்தேர்தலில் எளிதாக நடப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு தொகுதியின் முடிவால் அரசாங்கம் பெரும்பாலும் கவிழ்வதில்லை. பிரதமர் யார் என்ற கேள்வியும் வாக்குச்சீட்டில் இல்லை. எனவே, பிடிக்காத கட்சிக்கு எதிராக, கொஞ்சம் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய அபாயம் எதுவும் இல்லை. அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் பணம். எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றப் பணிக்கு அரசு தரும் ‘ஷார்ட் மணி’ என்ற நிதி, பொதுத்தேர்தலில் அவை பெற்ற இடங்களையும் மொத்த வாக்குகளையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜெயிக்க வாய்ப்பே இல்லாத தொகுதியில் விழும் வாக்கும் அங்கே கட்சிக்கு உதவும். இடைத்தேர்தல் வாக்குக்கு அந்தப் பயன் கிடையாது. இடைத்தேர்தலில் தன் கட்சியை விட்டு விலகிப் போடுபவர் அதன் பெட்டியிலிருந்து ஒரு பென்னியைக்கூட எடுத்துவிடுவதில்லை.

இதன் பலனை மறுக்க முடியாது. 2021 ஜூனில் நடந்த செஷம்–அமர்ஷம் இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி லிபரல் டெமாக்ரட்டுகளிடம் தோற்றது. 1974இல் உருவான நாளிலிருந்து அந்தக் கட்சியிடமே இருந்த தொகுதி அது. கட்டட அனுமதிச் சட்டங்களைத் தளர்த்தும் அரசின் திட்டமும், ஊடே போகும் அதிவேக ரயில்பாதையும் அங்கே கடும் அதிருப்தியைக் கிளப்பியிருந்தன. சில மாதங்களுக்குள் அந்தத் திட்டத்தை அரசு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. வடக்கு ஷ்ராப்ஷயரில் பிரச்சினை வேறு. பணம் வாங்கிக்கொண்டு நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசிய உறுப்பினர் ஓவன் பேட்டர்சனைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற, நாடாளுமன்றத்தின் விசாரணை விதிகளையே மாற்ற அரசு முயன்றது. யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று நம்பப்பட்ட தொகுதி அதற்குப் பதில் சொன்னது. ஒவ்வொருவரும் அவரவர் கட்சியோடே நின்றிருந்தால், எதிர்ப்பு வாக்குகள் மூன்றாகப் பிரிந்து, அதே கட்சி மறுபடி ஜெயித்திருக்கும். பாதுகாப்பான தொகுதி என்ற நினைப்பில் இருக்கும் ஒரு கட்சிக்குப் பயத்தைக் காட்டும் கருவி வாக்காளரிடம் வேறு எதுவும் இல்லை.

கவலைக்குரிய பாதிக்கு வருகிறேன். இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டதும் வீட்டுக் கதவின் தபால் துளை வழியே துண்டறிக்கைகள் விழத் தொடங்கும். பிரிட்டனில், குறிப்பாக லிபரல் டெமாக்ரட்டுகளின் தாள்களில், ஒரு பட்டை வரைபடம் தவறாமல் இருக்கும். இரண்டு உயரமான பட்டைகள், அருகருகே. மூன்றாவதாக ஒரு குட்டைப் பட்டை, அதன்மேல் ‘இவர்களால் இங்கே ஜெயிக்க முடியாது’ என்று ஒரு வரி. பட்டைகளின் உயரம் எண்களோடு பொருந்தாமல் வரையப்பட்ட தாள்கள் பலமுறை அம்பலப்பட்டிருக்கின்றன. உயரம் சரியாக இருந்தாலும், எந்த ஆண்டின் எண்கள், எந்தத் தேர்தலின் எண்கள் என்று அடியில் பொடி எழுத்தில் இருப்பதை யார் குனிந்து படிக்கிறார்கள்? பொதுத்தேர்தல் எண் சாதகமாக இல்லையென்றால் உள்ளாட்சித் தேர்தல் எண். அதுவும் சரிவரவில்லையென்றால் பந்தயக்காரர்கள் சொல்லும் விகிதம். 2019ஆம் ஆண்டின் எண்களை வைத்து ஷ்ராப்ஷயருக்குப் படம் வரைந்திருந்தால், லேபரின் பட்டை லிபரல் டெமாக்ரட்டுகளின் பட்டையைப்போல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்கும்.

உத்தி வாக்காளர் தன் விருப்பத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், அடுத்த தெருக்காரர், முன்பின் தெரியாத அறுபதாயிரம் பேர் என்ன செய்வார்கள் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்துக்குத் தேவையான தகவலைத் தருவது பெரும்பாலும், அதனால் ஆதாயம் பெறும் கட்சியேதான். எவரிடம் ஆள்பலம் அதிகமோ, எவர் முந்திக்கொண்டு கதவைத் தட்டினாரோ, அவரே இரண்டாம் இடத்தில் இருப்பவராகத் தோன்றுகிறார். தோன்றிய பிறகு வாக்குகள் அவரிடம் போவதால், அது உண்மையாகவும் ஆகிவிடுகிறது.

இதில் எல்லாம் கைமீறிப் போகக்கூடும் என்பதற்கு 2023 அக்டோபரில் நடந்த மிட் பெட்ஃபோர்ட்ஷயர் இடைத்தேர்தல் சாட்சி. அங்கே லேபரும் லிபரல் டெமாக்ரட்டுகளும் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். ‘கன்சர்வேட்டிவை எங்களால்தான் வெல்ல முடியும்’ என்று இரண்டு பேருமே அடித்துச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது லேபர் 13,872, கன்சர்வேட்டிவ் 12,680, லிபரல் டெமாக்ரட் 9,420. லேபர் 1,192 வாக்கில் ஜெயித்தது. 2019இல் இதே தொகுதியில் படுதோல்வி அடைந்தபோது லேபர் வாங்கிய வாக்கு 14,028. தோற்றபோது வாங்கியதைவிடக் குறைவான வாக்கில், மொத்தத்தில் 34.1 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அது தொகுதியைப் பிடித்தது. கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்களில் இன்னும் சிலர் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். மாற்றம் வேண்டும் என்று நினைத்தவர்களில் எந்தப் பாதி சரியாகக் கணித்தது, எந்தப் பாதி தவறாகக் கணித்தது என்று பெட்டியைத் திறக்கும்வரை எவருக்கும் தெரியாது.

கணக்கு பிசகினால் பழி விழுவது, மாற்றிப் போடாமல் தன் கட்சிக்கே வாக்களித்த விசுவாசியின் தலையில். 2025 மே மாதம் ரன்கார்ன்–ஹெல்ஸ்பி தொகுதியில் ரிஃபார்ம் யுகே கட்சி லேபரை ஆறே ஆறு வாக்கில் தோற்கடித்தது: 12,645க்கு 12,639. பசுமைக் கட்சிக்கு 2,314 பேரும் லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 942 பேரும் வாக்களித்திருந்தார்கள். ‘இவர்களில் ஏழு பேர் யோசித்திருந்தால்’ என்று சொல்வது எளிது. 2023இல் அக்ஸ்பிரிட்ஜில் லேபர் 495 வாக்கில் தோற்றபோதும், பசுமைக் கட்சி வாங்கிய 893ஐக் காட்டி இதே பேச்சு எழுந்தது. இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடே இல்லை. அந்த 2,314 பேருடைய வாக்கு லேபருக்குச் சேர வேண்டிய பாக்கி அல்ல. லேபரை நிராகரிக்க அவர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கும். ஆட்சியில் இருந்ததே அந்தக் கட்சிதான். ஒருவர் விரும்பி மாற்றிப் போடுவது உத்தி. மாற்றிப் போட்டே ஆகவேண்டும் என்று அவரை மிரட்டுவது வேறு விஷயம்.

விசுவாச வாக்கை முட்டாள்தனம் என்று ஒதுக்குபவர்கள் அது செய்யும் ஒரு வேலையைக் காணத் தவறுகிறார்கள். இந்த ஊரில் இத்தனை பேர் எங்களைப்போல் நினைக்கிறார்கள் என்ற பதிவு அது. செஷம்–அமர்ஷமில் லேபர் 2019இல் 7,166 வாக்கு வாங்கியிருந்தது, இடைத்தேர்தலில் 622. டெபாசிட் போனது. ஐந்து சதவீதம் எட்டாவிட்டால் போகும் அந்த 500 பவுண்டு ஒரு தேசியக் கட்சிக்குப் பெரிய தொகையல்ல. ஆனால் அடுத்த தேர்தலுக்கு அந்த 622 ஒரு குட்டைப் பட்டையாக வரைபடத்தில் ஏறும். ஒருமுறை உத்தியாகச் செய்தது அடுத்தமுறைக்கு ஆதாரமாகிவிடுகிறது. அந்த ஊரில் மழையில் நனைந்து தாள் கொடுத்த லேபர் தொண்டர்கள், தங்கள் ஆதரவாளர்கள் மறைந்துவிட்டார்களா, தற்காலிகமாக விலகினார்களா என்று தெரியாமலே கிளையை நடத்த வேண்டும்.

ஜெயித்தவருக்கும் இது சிக்கல்தான். அவர் கையில் இருப்பதில் எது தன்னுடையது, எது இரவல் என்று அவருக்கே தெரியாது. 1993இல் கிறைஸ்ட்சர்ச் தொகுதியை லிபரல் டெமாக்ரட்டுகள் 16,427 வாக்கு வித்தியாசத்தில் கைப்பற்றினார்கள். நாடே கன்சர்வேட்டிவ்களைத் துரத்தியடித்த 1997இல், அதே கிறைஸ்ட்சர்ச் கன்சர்வேட்டிவிடம் திரும்பிப் போனது. 2019 ஆகஸ்டில் பிரெக்கன்–ராட்னர்ஷயர் இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியும் பசுமைக் கட்சியும் ஒதுங்கிக்கொள்ள, லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் ஜேன் டாட்ஸ் 1,425 வாக்கில் வென்றார். அந்த ஆண்டு டிசம்பர் பொதுத்தேர்தலிலேயே அந்த இருக்கை அவர் கையை விட்டுப் போனது. எல்லா இடத்திலும் இப்படி ஆகிவிடுவதில்லை. ஹெலன் மோர்கன் 2024இல் இன்னும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இரவலைச் சொந்தமாக்கிக்கொள்வது உறுப்பினரின் உழைப்பைப் பொறுத்தது.

என்னைக் கோபப்படுத்துவது கட்சித் தலைமைகளின் நடத்தை. 2022 ஜூன் 23 அன்று ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல்கள் நடந்தன. வேக்ஃபீல்டில் லேபர் வென்றது. லிபரல் டெமாக்ரட்டுகளுக்குக் கிடைத்தது 1.8 சதவீதம். டிவர்ட்டன்–ஹோனிட்டனில் லிபரல் டெமாக்ரட் வென்றது. முன்பு அங்கே இரண்டாம் இடத்தில் இருந்த லேபருக்கு 3.7 சதவீதம். உடன்பாடு எதுவும் இல்லை என்றே இரு கட்சிகளும் சொல்லின. எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு இல்லாமல் இருந்திருக்கலாம். ஆட்களையும் பணத்தையும் எங்கே குவிப்பது, எங்கே பெயருக்கு நிற்பது என்ற முடிவைத் தலைமை எடுக்கிறது, அதுவும் உத்திதான். அதே லேபர் கட்சியின் விதிப்புத்தகம், அதிகாரபூர்வ வேட்பாளருக்கு எதிராக நிற்பவரை ஆதரிக்கும் உறுப்பினர் தானாகவே தகுதி இழப்பார் என்கிறது. 2017 பொதுத்தேர்தலில் தென்மேற்கு சர்ரே தொகுதியில் அன்றைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட்டைத் தோற்கடிக்க, லேபர் வேட்பாளரை விட்டுவிட்டு, தேசிய மருத்துவச் சேவைக்காகப் போட்டியிட்ட மருத்துவர் ஒருவரை வெளிப்படையாக ஆதரித்த உள்ளூர் லேபர் உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள்.

ஒரு கட்சிக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை ஏற்கிறேன். சொந்த வேட்பாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்பவரை எந்தக் கட்சியும் சகித்துக்கொள்ளாது. ஆனால் தலைமை சத்தமில்லாமல் செய்வதைத் தொண்டர் வெளிப்படையாகச் செய்தால் குற்றம் என்பதை எப்படி ஏற்பது? மூடிய அறையில் முடிவெடுத்துவிட்டு, வாக்காளரை ஜாடையால் நகர்த்துவதைவிட, ‘இந்தத் தொகுதியில் நாங்கள் நிற்கவில்லை, காரணம் இது’ என்று பசுமைக் கட்சியும் பிளைட் கம்ரியும் பிரெக்கனில் செய்ததுபோல் அறிவிப்பது எவ்வளவோ நேர்மையானது.

அதைவிட நேர்மையான வழி வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசையிடும் முறையில், ரன்கார்னின் பசுமைக் கட்சி வாக்காளர் தன் கட்சிக்கு முதல் எண்ணைப் போட்டுவிட்டு, அடுத்து லேபரா, வேறு யாரா என்பதைத் தானே எழுதியிருப்பார். விசுவாசமும் பதிவாகும், உத்தியும் பலிக்கும். உத்திக்கு இடமே இல்லாமல் போய்விடாது. குறைந்த வாக்கு பெற்று யார் முதலில் வெளியேறுகிறார் என்பது அங்கேயும் முக்கியம். ஆனால் பட்டை வரைபடத்தின் பிடி பெரிதும் தளரும். 2011 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 67.9 சதவீதத்தினர் இதை நிராகரித்தார்கள் என்பது உண்மை. அன்று கேட்கப்பட்டது மொத்த நாடாளுமன்றத்துக்கான முறை. ஒரே ஒரு இருக்கையை நிரப்பும் இடைத்தேர்தலுக்கு மட்டும் என்று தனியாகக் கேட்கப்படவில்லை. ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி இடைத்தேர்தல்கள் 2007 முதல் இப்படித்தான் நடக்கின்றன. லேபரும் லிபரல் டெமாக்ரட்டுகளும் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்களிடம் கொடுப்பதும் வரிசையிடும் சீட்டைத்தான். மேயர் தேர்தல்களில் இருந்த இரண்டாம் விருப்ப வாக்கை 2022ஆம் ஆண்டின் சட்டம் எடுத்துவிட்டது; அதைத் திரும்பக் கொண்டுவர லேபர் அரசு 2025இல் மசோதா வைத்தது. நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்கும் அதைப்போல் ஓர் ஏற்பாட்டைக் கேட்க, தன் தலைவரை வரிசையிட்டுத் தேர்ந்தெடுத்த எந்தக் கட்சிக்கும் தயக்கம் இருக்கக் கூடாது.