முயல் தந்த துப்பறிவாளன்

மைனஸ் 20 டிகிரி பெட்டியில் சுண்டுவிரல் அளவுக் குப்பி. உள்ளே சில சொட்டுத் தெளிந்த திரவம். பி53 என்ற புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் முயல் ஆன்டிபாடி அது.

1979இல் கண்டறியப்பட்ட பி53, முதலில் புற்றுநோயை வளர்ப்பதென்றே கருதப்பட்டது. அடக்குவது என்று தெரியப் பத்தாண்டுகள் ஆயின. பெயரிலும் ஒரு குளறுபடி: ஜெல்லில் 53 கிலோடால்டன் போல ஓடுகிறது, உண்மை எடை சுமார் 44தான்!

மனிதப் புரதத்தை முயலுக்கு ஊசியில் செலுத்தி, சில வாரங்களில் மறுபடியும் செலுத்தி, காது ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். முயலின் பல உயிரணுக்கள் அந்தப் புரதத்தின் பல பகுதிகளுக்குத் தனித்தனி ஆன்டிபாடி செய்கின்றன. ஃபார்மலினில் ஊறிய திசுவில் ஓரிடம் உருமாறிப்போனாலும் வேறிடத்தைப் பற்றிக்கொள்ள ஆளுண்டு. ஒற்றை வகை ஆன்டிபாடியைவிட இந்தக் கலவைமேல் எனக்குப் பிரியம் அதிகம். ஆனால் அந்த முயல் போனால் அதே சரக்கு திரும்பக் கிடைக்காது.

திசுவில் ஒட்டிய முயல் ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்க, பெரும்பாலும் ஆட்டிலிருந்து எடுத்த இன்னொன்றை ஊற்றுவார்கள். பிறகு சாயம். ஸ்லைடில் நீல உட்கருக்களுக்கு நடுவே, பி53 இருக்கும் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். புற்றுநோயை அடக்கும் காவலன் நிறைய இருக்கிறான் என்று மகிழ முடியாது. நலமான உயிரணுவில் எம்டிஎம்2 என்ற புரதம் பி53ஐ உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடும். பழுதானதுதான் பெரும்பாலும் அழியாமல் குவியும். சில கட்டிகளிலோ பழுது முற்றி, புரதமே இல்லாமல் போய், சாயமே ஏறுவதில்லை.