வீட்டுச் சந்தையும் அரசின் கையும்: ஓர் எதிர்வினை

சென்ற இதழில் வெளியான வீட்டு விலை பற்றிய கட்டுரையை வெஸ்ட் ஈலிங்கில் எனக்குத் தெரிந்த பலர் வாசித்திருக்கிறார்கள். வாசித்ததோடு நிற்காமல் அதை ஒப்புவிக்கவும் தொடங்கிவிட்டார்கள். கட்டுரையாளரின் வாதம் சுருக்கமாக இதுதான்: விலை ஏறும்போது 'இது சந்தை, தலையிட முடியாது' என்கிறார்கள், இறங்கும்போது மட்டும் அரசாங்கம் எங்கள் வரிக்காசோடு ஓடிவருகிறது, சந்தையைச் சந்தையாக விட்டிருந்தால் எங்கள் பிள்ளைகளும் ஒரு வீடு வாங்கியிருப்பார்கள். இந்தக் கோபத்தின் முதற்பாதி முற்றிலும் நியாயமானது. பிற்பாதியோடுதான் எனக்குச் சண்டை.

அரசாங்கம் வந்து தலையிட்டது என்று சொல்வதற்கு அது முதலில் வெளியே நின்றிருக்க வேண்டும். பிரித்தானிய வீட்டுச் சந்தையில் அரசாங்கம் எப்போது வெளியே நின்றது? 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தோடு கவுன்சில் வீடுகளைக் கழிவு விலைக்கு விற்கத் தொடங்கியது யார்? வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை கொடுத்து, 2000ஆம் ஆண்டுவரை அதை இழுத்து வந்தது யார்? 1988 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் நைஜல் லோசன், ஒரே வீட்டை இருவர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கொரு சலுகை என்றிருந்த முறை ஓகஸ்ட் முதலாந் திகதியோடு முடியும் என்று அறிவித்தார். அறிவித்துவிட்டு நாலரை மாத அவகாசமும் கொடுத்தார். கதவு சாத்தப்படப் போகிறது என்று நாலரை மாதத்துக்கு முன்பே சொன்னால் சனம் என்ன செய்யும்? முண்டியடித்து உள்ளே போகும். போனது. 1989 ஒக்ரோபரில் வட்டிவீதம் நூற்றுக்குப் 15 ஆனது. 1991ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 75,500 வீடுகளைக் கடன் கொடுத்த நிறுவனங்கள் திருப்பி எடுத்தன. வீட்டின் விலையை விடக் கடன் கூடிப்போன குடும்பங்கள் பத்து இலட்சத்துக்கு மேல். தூக்கிவிட்டதும் அரசாங்கம்தான், கீழே விழுத்தியதும் அதுதான். இதில் 'சந்தையைச் சந்தையாக விட்ட' காலம் எது என்பதைக் கட்டுரையாளர் காட்ட வேண்டும்.

நான் அந்தக் காலத்தில் இங்கு இல்லை. இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது எம்மவர் வீடு வாங்கிய விதமே வேறு. சீட்டுக் காசு, மனைவியின் நகை, தம்பி சுவிசிலிருந்து அனுப்பியது எல்லாவற்றையும் சேர்த்து முற்பணம் கட்டுவது. பிறகு மூன்று அறைகளையும் பொடியன்களுக்கு வாடகைக்கு விட்டுக் குடும்பம் முன் ஹோலில் படுப்பது. அக்ஸ்பிரிட்ஜ் வீதிக்குப் பின்னாலுள்ள தொடர் வீடுகளில் ஒன்றை 1989இல் அப்படி வாங்கிய ஒருவர், இரண்டு வருடம் இரட்டை வேலை செய்து கட்டிப் பார்த்துவிட்டு, திறப்பைக் கடிதவுறைக்குள் வைத்துக் கடன் கொடுத்த இடத்துக்கே அனுப்பிவிட்டார். அதோடு தொல்லை தீர்ந்தது என்று அவர் நினைத்தார். வீட்டை அவர்கள் குறைந்த விலைக்கு விற்று, மீதிக் கடனைக் கேட்டுப் பல வருடங்கள் கழித்து வீடு தேடிக் கடிதம் அனுப்பினார்கள். சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று எழுதுகிறவர்கள், அந்தச் சரிசெய்தல் ஓர் ஆளின் வாழ்க்கையில் எத்தனை வருடம் எடுக்கும் என்பதையும் எழுத வேண்டும்.

சரி, அரசாங்கம் அப்போது என்ன செய்தது? இங்கேதான் எல்லாத் தலையீட்டையும் ஒரே சாக்குக்குள் கட்டுகின்ற கட்டுரையாளரின் முறை பிழைக்கிறது. 1991 டிசம்பர் 20ஆந் திகதி, முத்திரைத் தீர்வை தொடங்கும் எல்லையை 30,000 பவுணிலிருந்து 250,000 பவுணாக எட்டு மாதங்களுக்கு உயர்த்தினார்கள். முன்னால் ஒரு பொதுத்தேர்தல் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீடு வாங்குபவனுக்கு நூற்றுக்கு ஒன்று மிச்சம். வீடு பறிபோகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? சலுகை 1992 ஓகஸ்டில் முடிந்தது. விலை தொடர்ந்து இறங்கியது. அடுத்த மாதம், செப்ரெம்பர் 16ஆந் திகதி, பவுணைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரே நாளில் வட்டியை 12 ஆக்கி, 15 ஆக்கப்போவதாகவும் அறிவித்து, பிறகு தோற்று, ஐரோப்பிய நாணயமாற்று ஏற்பாட்டிலிருந்தே வெளியேறினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் வட்டி மளமளவென்று இறங்கி 1993 ஜனவரியில் 6 வீதத்துக்கு வந்தது. திட்டம் போட்டுச் செய்த உதவியை விட அரசாங்கத்தின் தோல்வி வீட்டுக்காரருக்குக் கூடுதலாக உதவியது என்பது ஒரு வேடிக்கை.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நிதியமைச்சர் நோர்மன் லமொன்ற் இன்னொன்றும் செய்தார். கட்டுரையாளர் அதை ஒரே வசனத்தில் 'வரிப்பணத்தில் விற்காத வீடுகளை வாங்கிய கூத்து' என்று தள்ளிவிடுகிறார். வீடமைப்புச் சங்கங்களுக்கு 500 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்து, கட்டி விற்காமற் கிடந்தவையும் கடனுக்குப் பறித்துப் பூட்டி வைத்திருந்தவையுமாக 15,000க்கு மேற்பட்ட வெற்று வீடுகளை 1993 மார்ச் முடிவுக்கு முன் வாங்கச் செய்தார்கள். அவசரம் அவசரமாக வாங்கினார்கள் என்பது உண்மை. பொருத்தமில்லாத இடத்தில் பொருத்தமில்லாத வீடுகளும் வாங்கப்பட்டன. கட்டடக் கம்பனிகளின் பாரத்தை இறக்கி வைப்பதே நோக்கம் என்று அன்றைக்கே குற்றஞ்சாட்டினார்கள். அதுவும் தவறென்று சொல்ல மாட்டேன். பழைமைவாத அரசாங்கம் ஏழைகள்மேல் இரக்கப்பட்டு இதைச் செய்தது என்று நம்புமளவுக்கு நானும் அப்பாவி அல்லன். ஆயினும் அந்த வீடுகளுக்குள் போனவர்கள் யார்? பெரும்பாலும் கவுன்சில்களின் பட்டியலில் இருந்த வீடற்ற குடும்பங்கள். தங்கும் விடுதி அறையொன்றில் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனதை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகள் ஒரே விலாசத்திலிருந்து ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போய் வளர்ந்தார்கள்.

முத்திரைத் தீர்வைச் சலுகையால் எஞ்சியது என்ன? எட்டு மாதக் கொள்வனவு, அவ்வளவுதான். 1992 நவம்பர்ப் பணத்தால் எஞ்சியது செங்கல்லும் கூரையும், அதற்கு மேலாக ஒரு நியாயமான வாடகையும். இரண்டும் வரிப்பணம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'தலையீடு' என்று பெயர் எழுதுவது கணக்குமல்ல, அரசியலுமல்ல.

கட்டுரையில் இன்னோரிடம் பலருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஊரில் எவரும் அரசாங்கத்தை நம்பி வீடு கட்டவில்லை, காணி விலையில் எவரும் கைவைக்கவில்லை, அந்தச் சுயமரியாதை இங்கு வந்து கெட்டுப்போயிற்று என்கிறார். யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றையேனும் கட்டுரையாளர் அவிழ்த்துப் பார்த்திருப்பாரா என்று சந்தேகம் வருகிறது. 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமை என்ன சொல்கிறது? காணியை விற்க வேண்டுமென்றால் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாமென்ற பிறகே வெளியாள். இந்த முன்வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சுருக்கியதே தவிர ஒழிக்கவில்லை. ஒற்றி என்ற ஈட்டு முறையில் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். முதலைக் கட்டினால் காணி திரும்பும். விலை இறங்கிவிட்டது என்பதற்காகக் காணியையும் எடுத்து மீதிக் கடனுக்கும் துரத்துகிற வழக்கம் அதற்கு இல்லை. இது சந்தையா? சாதியும் சீதனமும் காவல் நின்ற ஒரு ஏற்பாடு அது. அதை நான் புகழவில்லை. ஆனால் அங்கும் விலைக்கு வெளியே நின்று வேலி போட்ட ஒரு கை இருந்தது. பிறகு 1972இல் வாடகைச் சட்டம், 1973இல் ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டிய வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். அந்தச் சட்டத்தால் கொழும்பில் தாம் வாடகைக்கிருந்த வீட்டையே சொந்தமாக்கிக்கொண்டவர்களில் எம்மவர் எவரும் இல்லையா? அதைத் தலையீடு என்று ஏன் எவரும் முறைப்பாடு செய்வதில்லை? வலிகாமம் வடக்கில் 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. அரசின் கை வீட்டுக்குள் வரும் விதம் பல என்பதை எங்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

2008 வீழ்ச்சியைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். அந்தச் செப்ரெம்பரில் தொழிற்கட்சி நிதியமைச்சர் அலிஸ்ரயர் டார்லிங் முத்திரைத் தீர்வை எல்லையை 125,000 பவுணிலிருந்து 175,000 ஆக்கினார். அந்த விலைக்குள் மேற்கு இலண்டனில் ஒரு குடும்பத்துக்கு என்ன வீடு கிடைத்திருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் வேலையிழந்தவரின் வீட்டுக்கடன் வட்டியை அரசாங்கம் கட்டத் தொடங்குவதற்கான காத்திருப்பை 2009 ஜனவரியில் 39 வாரத்திலிருந்து 13 வாரமாகக் குறைத்தார்கள். அது வீட்டைக் காத்த தலையீடு. அதைத்தான் பிறகு வந்தவர்கள் முதலில் கெடுத்தார்கள்: 2016இல் காத்திருப்பை மீண்டும் 39 வாரமாக்கி, 2018 ஏப்ரலில் உதவி என்பதையே கடனாக மாற்றினார்கள்.

சனத்தின் ஆத்திரம் உண்மையில் கொதிக்க வேண்டிய இடம் 2013. ஜோர்ஜ் ஒஸ்போர்ன் அந்த ஏப்ரலில் தொடங்கிய 'ஹெல்ப் ரு பை' திட்டம், புது வீடு வாங்குபவருக்கு விலையில் 20 வீதத்தை அரசாங்கமே கடனாகக் கொடுத்தது. 2016இலிருந்து இலண்டனில் 40 வீதம். இலண்டன் எல்லையின் இருபுறமும் ஒப்பிட்டுப் பார்த்த இலண்டன் பொருளியற் கல்லூரி ஆய்வாளர்கள், இங்கு அது விலையைக் கூட்டியதே தவிரக் கட்டுமானத்தைக் கூட்டவில்லை என்று கண்டார்கள். திட்டம் முடியும் 2023க்குள் இப்படியான உதவிகளுக்கு ஏறத்தாழ 29 பில்லியன் பவுண் போயிருக்கும், அதைச் சமூக வீடுகளுக்குச் செலவிட்டிருந்தால் நல்லது என்று பிரபுக்கள் சபையின் குழுவொன்றே 2022இல் எழுதியது. பிரபுக்கள் சபை ஒன்றும் இடதுசாரிகளின் கூடாரமல்ல. இந்தத் திட்டத்தில் கொழுத்த பெர்சிமன் கம்பனியின் தலைமை அதிகாரிக்குக் கிடைத்த ஊக்கப்பணம் மாத்திரம் 75 மில்லியன் பவுண். அந்த எதிர்ப்போடுதான் அவர் 2018இல் பதவியை விட்டுப் போனார். ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கேள்வி வளைகோட்டையும் நிரம்பல் வளைகோட்டையும் கரும்பலகையில் கீறிப் படிப்பித்தவன் நான். நிரம்பல் அசையாத இடத்தில் கேள்விக்குக் காசு ஊற்றினால் விலைதான் ஏறும் என்பது முதலாம் வருட மாணவனுக்கே தெரியும். நிதியமைச்சின் அதிகாரிகளுக்குத் தெரியாமலிருந்திருக்காது.

ஆனால் 2013இல் எம்மவர் கோபப்பட்டார்களா? இல்லை. விலை ஏறியது, வீடு வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். இரண்டாவது வீடு வாங்கினார்கள். தலையீடு பற்றிய இந்தப் புதிய ஞானம் வந்தது 2022 செப்ரெம்பரில் குவாசி குவார்ட்டெங்கின் சிறு வரவுசெலவுத் திட்டம் வட்டியைத் தூக்கியபோதுதான். 2023 கோடையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இடைவேளைக் கதை முழுவதும் வட்டிதான். ஒரே பட்டியில் பெட்டி அடுக்குகின்ற இரண்டு தமிழர்கள். ஒருவருக்கு வீட்டுக்கடன், அந்த யூனில் அரசாங்கமும் வங்கிகளும் செய்த உடன்பாட்டின்படி, தவணை தவறினாலும் பன்னிரண்டு மாதங்களுக்கு அவருடைய வீட்டை எடுக்க மாட்டார்கள், ஆறு மாதம் வட்டியை மாத்திரம் கட்டலாம். மற்றவர் அறை வாடகைக்கு இருப்பவர். அவருக்கு மாதம் 150 பவுண் கூட்டிக் கேட்டார்கள், தாமதிக்க எந்த உடன்பாடும் இல்லை. தனியார் வாடகைக்கான உதவித்தொகையின் உச்ச அளவோ 2020 ஏப்ரலிலிருந்து 2024 ஏப்ரல்வரை உறைந்து கிடந்தது. இருவரும் 'அரசாங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை' என்றுதான் பேசிக்கொண்டார்கள். சப்பல் வீதி அம்மன் கோவில் தேரன்று இருவரும் ஒரே வடத்தைப் பிடிப்பவர்கள். விலை விழுந்தால் ஒருவர் அழுவார், மற்றவர் மூச்சு விடுவார். இந்த இரண்டு கோபத்தையும் 'எமது சமூகத்தின் விரக்தி' என்று ஒரே தலைப்பில் போட்டதுதான் சென்ற இதழ்க் கட்டுரையின் ஆகப் பெரிய குறை. கட்டுரையாளர் தாம் எந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறார் என்பதைக் கடைசிவரை சொல்லவேயில்லை.

இது பழைய கதையுமல்ல. இலண்டனில் புது வீடு கட்டுவது படுத்துவிட்டது என்று சொல்லி, 2025 ஒக்ரோபரில் வீடமைப்பு அமைச்சர் ஸ்ரீவ் ரீட்டும் மேயர் சாதிக் கானும் ஓர் அவசர ஏற்பாட்டை அறிவித்தார்கள். விரைவாக அனுமதி பெற விரும்பும் கட்டடக் கம்பனி ஒதுக்க வேண்டிய கட்டுப்படியான வீடுகளின் பங்கு 35 வீதத்திலிருந்து 20 வீதமாகக் குறையும். சந்தை சரிந்ததும் முதலில் வெட்டப்பட்டது அந்தப் பங்குதான். வெஸ்ட் ஈலிங்கில் கிறீன் மான் லேன் கவுன்சில் குடியிருப்பு கட்டங்கட்டமாக இடிந்து புதுத் தொடர்மாடிகள் எழுந்ததைப் பார்த்தவர்களுக்கும், 2022இல் எலிசபெத் பாதை வந்த பிறகு புகையிரத நிலையத்தைச் சுற்றி விலை எப்படிப் போனதென்று அறிந்தவர்களுக்கும், அந்தப் 15 வீதம் வெறும் எண்ணல்ல. நூறு வீட்டுக்குப் பதினைந்து குடும்பம்.

கட்டுரையாளர் அடுத்த இதழில் இரண்டாம் பகுதி வருமென்று சொல்லியிருக்கிறார். அதில் அரசாங்கம் கையை எடுக்க வேண்டும் என்றே மறுபடியும் எழுதுவதானால், இந்தப் பதினைந்து குடும்பத்துக்கும் என்ன விலாசம் கொடுப்பதென்று எழுதட்டும். அல்லது, விற்காமற் கிடக்கும் தொடர்மாடி வீடுகளை 1992இல் போல, ஆனால் அவசரமில்லாமலும் கம்பனி கேட்கிற விலைக்கல்லாமலும் ஈலிங் கவுன்சிலைக் கொண்டு வாங்கச் செய்யலாமா, அதற்கான காசு எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டு எழுதட்டும். அப்படி எழுதினால் விவாதிக்க நான் தயார்.