துவர்ப்பு எனும் அளவுகோல்

பழைய போர்தோ சிவப்பு வைனுக்கு எழுதப்படும் ஆங்கிலச் சுவைக்குறிப்புகளைப் பினாங்கில் இருந்து வாசிக்கும்போது, இது யாருடைய நாக்கு என்ற கேள்வி எனக்கு எழுகிறது. பிளாக்கரண்ட், தேவதாரு, பென்சில் சீவல், புகையிலை, ஈரமான காட்டுத்தரை என்று பட்டியல் நீளும். நம்மில் பெரும்பாலோருக்கு பிளாக்கரண்ட் என்றால் ரிபேனா போத்தல்தான். பழத்தை யார் பார்த்தது? ஆனாலும் தமிழில் வைன் பற்றிப் பேச வந்தால் நாமும் அதே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறோம்.

வாசனைப் பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. 'எப்போ குடிக்கிறது?' என்ற முக்கியமான கேள்விக்கு அதில் பதில் இல்லை என்கிறேன். பதில் துவர்ப்பில் இருக்கிறது. ஆங்கிலம் இதற்குத் தோல் பதனிடும் தொழிலோடு பிறந்த 'டானின்' என்ற சொல்லை நம்பியிருக்கிறது. நமக்கோ துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. பாக்கிலும் வாழைப்பூவிலும் சிறுவயதிலேயே பழகியது. இந்தத் தீவின் பெயரான 'பினாங்' என்பதே மலாயில் பாக்குதான்.

திராட்சையின் தோல், விதை, ஓக் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வைனுக்குத் துவர்ப்பு வருகிறது. ஆண்டுகள் போகப்போக அது நிறமிகளோடு சேர்ந்து, கனத்து, அடியில் மண்டியாகப் படிகிறது. ஊதா நிறம் செங்கல் நிறமாகிறது. அதே காலத்தில் பழச்சுவையும் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டில் எது முதலில் இறங்குகிறது என்பதுதான் விஷயம்.

1975ஆம் ஆண்டு வைன்கள் பலவற்றில் துவர்ப்பு தளர்வதற்குள் பழம் வற்றிப்போனது. 1982 நேர்மாறானது. இளமையிலேயே மென்மையாக இருந்ததால் அது நீடிக்காது என்று சில விமர்சகர்கள் ஐயப்பட்டார்கள். ராபர்ட் பார்க்கர் அதைக் கொண்டாடினார். சிறந்த புட்டிகள் பல பத்தாண்டுகள் நின்று அவர் பக்கமே சாட்சி சொல்லின.

பார்க்கரின் நாக்கை நான் மதிக்கிறேன். அவரால் பரவிய நூறு மதிப்பெண் முறையையும், இந்த ஆண்டுக்குள் குடித்துவிடுங்கள் என்கிற கணக்கையும்தான் ஏற்க முடியவில்லை. அந்தக் கணக்கு 12, 13 டிகிரி நிலவறையை மனதில் வைத்துப் போட்டது. பகலில் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் அலமாரியில் நின்ற புட்டிக்கு அது செல்லாது. இங்கே வாய்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாய் குடித்துவிட்டுக் காத்திருங்கள். பச்சைப் பாக்கு மாதிரி ஈறைப் பிடித்து, பிடி விட்டபின் பழம் திரும்பி வந்தால், இன்னும் பொறுக்கலாம். நாவற்பழம்போலத் துவர்ப்பு வந்து தொட்டுவிட்டுப் போனால், இன்றைக்கே குடிக்கலாம். வறட்சி மட்டும் மிஞ்சினால், அவ்வளவுதான், போச்சு.

இப்படிப் பேச நமக்கு மொழி இல்லாமல் இல்லை. மண்ணில் புதைத்து முதிரவைத்த மதுவைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்துவதை நக்கீரர் பாடினார். இருவரும் சொல்வது 'தேறல்'. தேறு என்றால் தெளிவது. ஐயம் நீங்கி உறுதிகொள்வதும் அதுவே. மண்டி கீழே தங்கித் தெளிந்த பானத்துக்கும், அதைக் குடிப்பவர் அடையும் தீர்ப்புக்கும் ஒரே வேர்.

அந்த மொழியை நாம் இழந்ததற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடை கூலியையும் குடும்பத்தையும் தின்றது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்தக் கசப்போடு சேர்ந்து குடியைப் பற்றிய பேச்சு முழுவதுமே நமக்கு வெட்கமாகிவிட்டது. போர்தோ குடிப்பவர் ரசிகர், கள் குடித்தவர் குடிகாரர் என்ற பிரிவினையும் கேள்வியின்றி நிலைத்தது.

காலையில் இறக்கிய கள் மதியத்துக்குள் எவ்வளவு புளிக்கும், எந்த நேரத்தோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு மிடறில் சொன்ன தோட்டத்து ஆள் செய்ததும் சுவை விமர்சனம்தான். அவருக்கு மணிக்கணக்கு, போர்தோவுக்கு ஆண்டுக்கணக்கு. கேள்வி ஒன்றே. அவர் தீர்ப்பை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது அவர் நாக்கின் குறை அல்ல.