தொட்டியை மறந்த பாடம்

"மீயொலியின் பயன்கள் ஐந்தினைக் கூறுக." இயற்பியல் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் வினா இது. மாணவர் எழுதும் விடைகளில் ஒன்று தவறாமல் இடம்பெறும்: "கடிகார உறுப்புகள், அறுவைக் கருவிகள் முதலியவற்றைத் தூய்மை செய்ய மீயொலி பயன்படுகிறது, அதிக அதிர்வெண்ணுடைய அலைகள் அழுக்கை உதறிவிடுகின்றன." இதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே மதிப்பெண் இட்டு வந்தவன்தான். ஆனால் இந்த விடையில் இரண்டு குறைகள் உள்ளன. அவை மாணவருடைய குறைகள் அல்ல. நம் பாடநூல்கள் பலவற்றின் குறைகள்.

முதற்குறை சிறியது. அழுக்கை நீக்குவது அலையின் உதறல் அன்று. தொட்டியில் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி பரவும்போது, நீரின் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் நொடிக்கு 40,000 முறை ஏறி இறங்குகிறது. அழுத்தம் தாழும்போது நுண்குமிழ்கள் பருக்கின்றன. உயரும்போது நொறுங்கிச் சுருங்குகின்றன. திடப்பொருளின் அருகே நொறுங்கும் குமிழ், அப்பொருளை நோக்கி ஊசிபோன்ற நீர்த்தாரையைப் பாய்ச்சுகிறது. அழுக்கைப் பெயர்ப்பது இதுவே. இவ்வாறு நொறுங்கும் குமிழில் எழும் பேரழுத்தத்தை, கப்பல்களின் சுழல்விசிறிகள் அரிக்கப்படுவதை ஆராய்ந்தபோது, 1917ஆம் ஆண்டிலேயே ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார்.

இரண்டாவது குறை பெரியது. தொட்டியைப் பற்றிப் பாடநூல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. நீரை ஏந்தி நிற்கும் வெறும் பாத்திரம் போலவே படத்தில் அது காட்டப்படுகிறது. உண்மையில் தொட்டியும் கருவியின் ஓர் உறுப்பே.

இதை அறிய வேறு நூலைத் தேட வேண்டியதில்லை. அதே பாடநூலின் முந்தைய இயல் போதும். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர். எனவே 40 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 37 மில்லிமீட்டர். தொட்டியின் அடியில் ஒட்டப்பட்ட அழுத்தமின் படிகங்கள் அனுப்பும் அலை மேலெழுந்து நீர்ப்பரப்பை அடைகிறது. அங்கே காற்று நிற்கிறது. நீருக்கும் காற்றுக்கும் ஒலி எதிர்ப்பில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது, ஆற்றலில் 99.9 விழுக்காடு கீழே திருப்பப்படுகிறது. ஏறும் அலையும் இறங்கும் அலையும் சேர்ந்தால் என்ன நிகழும்? ஒத்ததிர்வுக் குழாயில் நிகழ்வதுதான். நிலை அலைகள் உண்டாகும்.

நீர்ப்பரப்பில் அழுத்த மாறுபாடு இல்லை; அது அழுத்தக் கணு. அதற்குக் கால் அலைநீளம், அதாவது 9 மில்லிமீட்டர் கீழே அழுத்தம் மிகுதியாக மாறும் எதிர்க்கணு உள்ளது. பின்னர் ஒவ்வொரு 18 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான தொலைவில் ஓர் எதிர்க்கணு வரும். குமிழ்கள் அங்கே நன்கு வேலை செய்யும். இடைப்பட்ட கணுக்களில் வேலை குன்றும். நீர் ஆவியாகி மட்டம் 9 மில்லிமீட்டர் தாழ்ந்தால், இதுவரை நன்றாகத் தூய்மையான இடமே வலுவற்ற இடமாகிவிடும். உண்மைத் தொட்டியில் பக்கச் சுவர்களும் குமிழ்க் கூட்டமும் இந்தக் கணக்கைச் சற்றுக் குழப்பும். எனினும் அடிப்படை இதுவே.

இதை மாணவரே கண்ணால் காணலாம். எங்கள் ஆய்வகத்தில் வில்லைகளைக் கழுவும் சிறு தொட்டியில் அலுமினியத் தாள் ஒன்றைச் செங்குத்தாக ஒரு நிமிடம் தொங்கவிட்டோம். எடுத்துப் பார்த்தபோது தாள் சில பட்டைகளில் புள்ளி புள்ளியாகக் குழிந்து துளைபட்டிருந்தது. இடையிடையே பளபளப்பு மாறாமல் இருந்தது. பட்டைகளின் இடைவெளி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். "சார், இது குண்ட் குழாயில் தூள் குவிவது போலல்லவா இருக்கிறது!" என்றார் ஒரு மாணவி. பாடநூல் செய்யத் தவறிய இணைப்பை அவர் செய்துவிட்டார்.

தொட்டியின் அமைப்பை அறிந்தவர்கள் இக்குறைக்கு மாற்றுகளும் கண்டுள்ளனர். அதிர்வெண்ணை ஒரே எண்ணில் நிறுத்தாமல் ஓரிரு கிலோஹெர்ட்ஸ் முன்னும் பின்னும் ஓடவிட்டால் கணுக்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பொருள் வைத்த கூடையை மெல்ல ஏற்றி இறக்கினாலும் பயன் உண்டு. அடித்தகடு மெல்லியதாய் அதிர வேண்டியது. அதன்மேல் பொருளை நேரே வைத்தால் அதிர்வும் தடைப்படும், தகடும் தேயும். ஆகவேதான் கூடை தொங்கவிடப்படுகிறது. கூடை கம்பி வலையாக இருத்தல் நலம். மென்மையான பிளாஸ்டிக் கூடை ஒலியை விழுங்கிவிடும்.

விளம்பரங்களும் பாடநூலின் வழியிலேயே செல்கின்றன. "100 வாட்" என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். அந்த 100 வாட் எத்தனை சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பில், எத்தனை லிட்டர் நீரில் பகிரப்படுகிறது என்பதைக் கூறுவதில்லை. நீரில் முன்னேறும் அலை ஒன்றின் அழுத்த வீச்சு ஒரு வளிமண்டல அளவை எட்ட, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாட் தேவை. அடிப்பரப்பைத் தெரிந்துகொள்ளாமல் வாட்டை மட்டும் கேட்டு வாங்குவது, வயலின் பரப்பைக் கேட்காமல் இறைப்பானின் குதிரைத்திறனை மட்டும் கேட்பது போன்றது.

இதெல்லாம் நுணுக்கம் அல்லவா, பள்ளி கல்லூரி மாணவருக்கு எதற்கு என்று கேட்கலாம். பாடநூல் ஆசிரியருக்குப் பக்க வரம்பு உண்டு என்பதும் நியாயமே. ஆனால் இன்று இவ்வரியை மனப்பாடம் செய்பவர்களில் சிலர் நாளை மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளைக் கழுவும் பொறுப்பில் இருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் தொட்டியின் எல்லா இடமும் ஒன்றுபோல் தூய்மையாகும் என்று நம்பி, கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிவிட்டால், மறைவில் கிடக்கும் இடுக்கியின் மூட்டில் குருதிக்கறை தங்கிவிடக்கூடும். கறையின் உள்ளே ஒளிந்த கிருமியைப் பின்னர் நீராவியும் எளிதில் எட்டாது.

பாடநூலில் புதிய இயல் வேண்டாம்; ஒரு பயிற்சிக் கணக்கு போதும். "40 கிலோஹெர்ட்ஸ் தூய்மைத் தொட்டியில் நீரின் ஆழம் 10 சென்டிமீட்டர். நீர்ப்பரப்பிலிருந்து முதல் மூன்று அழுத்த எதிர்க்கணுக்கள் எவ்வளவு ஆழத்தில் அமையும்? அதிர்வெண்ணை 80 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் அவை எங்கே நகரும்?" இக்கணக்கைப் போட்ட மாணவர், பயன்கள் ஐந்தினை ஒப்பிப்பதோடு நிற்கமாட்டார். தொட்டியையும் எட்டிப் பார்ப்பார்.